பிருல் மூட்டையும் சவுக்குத் தோப்பும்: ஒரு தீப்பாத்தி கட்டிய கதை

கணியம்பாடியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. அங்கிருந்து அமிர்தி போகும் வழியில், மலையடிவாரத்தில், இரண்டு ஏக்கர் சவுக்கு வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு பங்குனிக் கடைசியில் அதில் அரை ஏக்கருக்கு மேல் தீ ஓடிவிட்டது. ஓடியது தரைத் தீதான், முழங்கால் உயரம்கூட இல்லை. அணைத்துவிட்டுப் பார்த்தபோது மரங்கள் பச்சையாகத்தான் நின்றன. ஒரு மாதம் கழித்து உச்சியிலிருந்து காய ஆரம்பித்தன. சவுக்குக்குப் பட்டை மெல்லிசு. அடிமரம் சுற்றிலும் வெந்துவிட்டால் அப்புறம் பிழைக்காது. வெட்டுக்கு ஆறு மாதம்தான் பாக்கி இருந்தது.

என்னை உறுத்தியது நஷ்டம் மட்டும் இல்லை. மலைப் பக்கம் நாலடி அகலத்துக்குச் சருகைக் கூட்டித் தீக்கோடு போட்டிருந்தேன். எங்கள் பக்கம் எல்லோரும் போடுகிற அளவு அது. அப்படியும் தீ எப்படி உள்ளே வந்தது?

வேலூரைச் சுற்றியுள்ள மலைகளை மரமில்லாத மலை என்று பழமொழியே சொல்லும். மரம் இல்லையே தவிர புல் உண்டு. மாசி, பங்குனியில் ராத்திரி மாடியில் நின்று பார்த்தால் எங்கேயாவது ஒரு மலையில் சிவப்புக் கோடு ஒன்று நெளிந்துகொண்டிருக்கும். சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். அது எந்தக் கணக்கில் நகர்கிறது என்று யோசித்ததே இல்லை.

தம்பி ராணுவத்தில் இருக்கிறான். அப்போது உத்தராகண்டில் குமாவுன் மலைப் பக்கம் வேலை. போனில் விஷயத்தைச் சொன்னேன். "அண்ணா, இங்க வந்து பாருங்க. மலை முழுக்க பைன் ஊசிதான் கொட்டிக் கிடக்கு. மே மாசம் பத்திக்கிச்சுன்னா எங்க கம்பெனியே மண்வெட்டியத் தூக்கிட்டு ஓடணும்" என்றான். அந்த ஊர்க்காரர்கள் அந்தச் சருகைப் பிருல் என்கிறார்கள். சிர் பைன் மரத்தின் ஊசி அது. மூன்று மூன்றாகக் கொத்தாக இருக்கும், ஒவ்வொன்றும் 20 முதல் 30 செ.மீ. நீளம். கோடையை ஒட்டிப் பழைய ஊசியெல்லாம் மொத்தமாக உதிரும். 2024 மே மாதம் உத்தராகண்ட் அரசு கிலோ 50 ரூபாய்க்குப் பிருலை வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. காட்டுத் தரையில் கிடக்கும் சருகைக் காசு கொடுத்து அள்ளச் சொல்லும் அளவுக்கு அங்கே அது பெரிய பிரச்சினை.

அந்தப் பேச்சில்தான் யோசனை வந்தது. சருகில் தீ பரவுவதைப் பற்றிப் பைன் ஊசியில் நிறைய அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மான்டானா மாநிலத்தின் மிசௌலா ஊரில் இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ரிச்சர்ட் ராதர்மெல் என்ற பொறியாளர் அங்கே தட்டில் பைன் ஊசியைப் பரப்பிக் கொளுத்தி அளந்தார். 1972 இல் அவர் வெளியிட்ட சமன்பாட்டை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அப்படியானால் நானும் ஒரு தட்டு கட்டி, முதலில் பைன் ஊசியைக் கொளுத்துகிறேன். எனக்கு வரும் வேகம் அவர்களுடையதோடு ஓரளவு ஒத்துப்போனால் என் தட்டை நம்பலாம். அப்புறம் அதே தட்டில் என் சவுக்குச் சருகைப் போடலாம். தம்பி முகாமுக்குப் பக்கத்துக் கிராமத்தில் விலைக்கு வாங்கி, பார்சல் லாரியில் மூட்டை கட்டி அனுப்பினான். எடை போட்டால் 9 கிலோ. இரண்டு கோணி நிறைய இருந்தது, அவ்வளவு லேசு.

தட்டு

இதற்குத் தீப்பாத்தி என்று பெயர் வைத்துக்கொண்டேன். 160 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம். ஒன்றேகால் அங்குல ஆங்கிளில் சட்டம் வெல்டிங் பண்ணி, ஒரு முனையில் கீல் வைத்து, மறுமுனையைக் கார் ஜாக்கியில் ஏற்றினேன். சாய்வை அளக்கக் கைபேசியில் உள்ள ரசமட்டம் போதும். ஜாக்கியைச் சுற்றச் சுற்ற டிகிரி காட்டும்.

முதல் தடவை மேலே போட்டது வீட்டில் கிடந்த பழைய சிமெண்ட் ஷீட். யாரும் இதைச் செய்ய வேண்டாம். தீ வைத்து இரண்டு நிமிடம் ஆவதற்குள் பட்டாசு மாதிரி வெடித்தது. ஷீட்டுக்குள் ஊறியிருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் துண்டை உடைத்துக்கொண்டு வருகிறது. ஒரு சில்லு என் காலடியில் விழுந்தது. போதாததற்குப் பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும்; அந்தத் தூசு நுரையீரலுக்குப் போகக் கூடாது. எல்லாவற்றையும் ஈரச் சாக்கில் சுருட்டி அப்புறப்படுத்திவிட்டு, ஜி.ஐ. தகரம் போட்டு அதன்மேல் நன்றாகக் காயவைத்த மணலை இரண்டு செ.மீ. பரப்பினேன். சாய்த்தால் மணல் சரிந்தது. அடியில் கோழி வலையைப் பதித்த பிறகு 30 டிகிரி வரை நின்றது.

நேரம் குறிக்கும் வழி பட்டறையில் வேலை செய்யும் பையன் சொன்னது. தட்டின் குறுக்கே 25 செ.மீ.க்கு ஒன்றாகப் பருத்தி நூல் கட்டி, நூலின் ஒரு முனையில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, கீழே பிஸ்கட் டின். தீ நூலைத் தொட்டதும் அறுந்து டின்னில் விழும் சத்தம் வீடியோவில் பதிவாகிவிடும். முதல் 30 செ.மீ. தீ நிலைப்படுவதற்கு, அடுத்த 100 செ.மீ. அளவுக்கு, கடைசி 30 வேறு சோதனைக்கு.

ஈரப்பதம் அளக்க எங்கள் தொழிலே கைகொடுத்தது. காயிலுக்கு வார்னிஷ் போட்டுச் சுடவைக்கும் ஓவன் (மின்சூளை) இருக்கிறது. கம்பி நிறுக்கும் கிராம் தராசும் இருக்கிறது. சருகை நிறுத்து, 105 டிகிரியில் ஒரு முழு நாள் வைத்து, திரும்ப நிறுத்தால் போன எடைதான் தண்ணீர். அதைக் காய்ந்த எடையால் வகுக்க வேண்டும், ஈர எடையால் அல்ல. முதலில் நான் மாற்றி வகுத்து நான்கு நாள் கணக்கைத் தூக்கிப் போட்டேன்.

கொளுத்தியது எல்லாம் அதிகாலை ஐந்தரைக்கு, காற்று அசையாத நேரத்தில், தோப்பிலிருந்து தள்ளி உழுது போட்ட வெற்று நிலத்தில். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லியாயிற்று. இரண்டு டிரம் தண்ணீர், ஈரச் சாக்கு, வேப்பந்தழைக் கட்டு. காலைப் பனியில் சருகு ஈரத்தை இழுத்துவிடும் என்பதால் மூடிய டிரம்மில் வைத்திருந்து, பரப்பிய மூன்றாவது நிமிடத்தில் பற்ற வைத்தேன்.

பைன் ஊசி

ஒவ்வொரு தடவையும் 400 கிராம், ஐந்து செ.மீ. உயரம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். நடுவில் காற்று இல்லாமல் ஊசியை மட்டும் எடுத்தால் அதன் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 510 கிலோ. என் பாத்தியில் கன மீட்டருக்கு 10 கிலோதான் இருக்கிறது. அதாவது நூற்றில் இரண்டு பங்கு ஊசி, 98 பங்கு காற்று. நாம் சருகு மெத்தை என்று சொல்வது கிட்டத்தட்ட முழுக்கக் காற்றுதான்.

முதல் மூன்று தடவையும் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. ஒன்று நாலு நிமிடம், இன்னொன்று ஆறரை. காரணம் பரப்பிய கை. என் மனைவி பரப்பியது உப்பலாகப் பொங்கியிருந்தது, நான் பரப்பியது அமுங்கியிருந்தது. அதன் பிறகு அமுக்குவதே இல்லை. ஓரடி உயரத்திலிருந்து உதிர்த்துவிட்டு, உயரத்தைக் குச்சி வைத்துப் பார்த்துக்கொண்டோம். இரண்டு ஓரத்திலும் தகரப் பட்டை நிறுத்தினோம். அப்புறம் எண்கள் ஒன்றுசேர்ந்தன.

ஈரப்பதம் 8 சதவீதம், தரை சமம், காற்று இல்லை: 100 செ.மீ. கடக்க நாலே முக்கால் நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 செ.மீ. ஆய்வுக்கூடங்களில் இதே மாதிரி பாத்தியில் வரும் வேகமும் நிமிடத்துக்கு 20, 30 செ.மீ. என்ற அளவில்தான். தட்டை நம்பலாம் என்று தெரிந்தபோது உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

ராதர்மெல் சொன்னதன் சாரம் எளிது. முன்னால் கிடக்கும் சருகுக்குப் போய்ச் சேரும் வெப்பத்தை, அந்தச் சருகு பற்றத் தேவையான வெப்பத்தால் வகுத்தால் வேகம். முழுக்கக் காய்ந்த ஒரு கிலோ ஊசி பற்றும் நிலைக்கு வரச் சுமார் 580 கிலோஜூல் போதும். அதில் உள்ள தண்ணீருக்கோ கிலோவுக்கு 2,600 கிலோஜூல் வேண்டும். ஆகவே தீ முதலில் தண்ணீரைத்தான் காய்ச்சுகிறது. தண்ணீர் தெளித்து, ஒரு ராத்திரி டிரம்மில் ஊறவைத்து 15 சதவீதமாக்கினேன். ஒரு மீட்டருக்கு ஏழு நிமிடம் ஆயிற்று. 24 சதவீதத்தில் பாதி வழியிலேயே அணைந்தது. தோப்பில் கிடக்கும் சருகை நேரத்துக்கு நேரம் எடுத்து அளந்தபோது, சித்திரை மாதத்தில் காலை ஆறு மணிக்கு 13 சதவீதம் இருந்தது, பிற்பகல் இரண்டுக்கு ஐந்தரை ஆகியிருந்தது. அதே சருகு, அதே நாள். இவ்வளவு மெல்லிசான பொருள் காற்றின் ஈரத்தோடு மணிக்கணக்கில் ஏறி இறங்கும்.

எனக்குப் பெரிய பாடம் தெர்மோகப்பிளில், அதாவது வெப்பநிலை அளக்கும் கம்பியில், கிடைத்தது. ஓவனுக்கு வைத்திருந்த கே டைப் கம்பியை ஊசிகளுக்கு நடுவே செருகி வைத்தேன். தீ தூரத்திலிருந்தே சுட்டு, சருகு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிப் பற்றும் என்று நினைத்திருந்தேன். தீ பத்து செ.மீ. தூரத்துக்கு வந்த பிறகும் மீட்டர் 41 டிகிரியில் நின்றது. கடைசி மூன்று நான்கு செ.மீ.யில்தான் ஒரே எட்டாகத் தாவியது. ஏன் என்று பார்க்க ஓர் ஊதுபத்தியைத் தீக்கு முன்னால் பிடித்தேன். புகை தீயை நோக்கி ஓடியது. எரியும் தீ தனக்கு வேண்டிய காற்றை முன்னாலிருந்து இழுக்கிறது. அந்தக் காற்று ஊசியைக் குளிர வைத்துக்கொண்டே போகிறது. மெல்லிய ஊசி சீக்கிரம் சூடாகும், அதே மாதிரி சீக்கிரம் ஆறவும் செய்யும். மிசௌலாவில் மார்க் ஃபின்னியும் கூட இருந்தவர்களும் 2015 இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது: வெறும் கதிர்வீச்சு போதாது, தீநாக்கு நேராக வந்து தொட்டுத் தொட்டுத்தான் மெல்லிய சருகைப் பற்ற வைக்கிறது.

சரி, தரை சாய்ந்தால்? பத்து டிகிரியில் மூன்று நிமிடம் 40 வினாடி. இருபதில் இரண்டே கால் நிமிடம். முப்பதில் 58 வினாடி.

அந்த முப்பது டிகிரித் தீயைப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தீ நிமிர்ந்து நிற்கவே இல்லை, பாத்தியோடு படுத்து மேலே ஓடியது. முகம் நேர்கோடாக இல்லாமல் ஈட்டி முனை மாதிரி கூம்பியது. ஊதுபத்திப் புகை இந்தத் தடவை தீயை விட்டு மேல்நோக்கி ஓடியது. குளிர்காற்று போய், சூடான வாயுவே முன்னால் உள்ள ஊசிகளுக்குள் புகுந்துவிட்டது. ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் வேகம் இரட்டிக்கும் என்பது ஆஸ்திரேலியாவின் காட்டுத்தீ ஆய்வாளர் ஆலன் மெக்கார்தர் சொன்ன கணக்கு. அதன்படி முப்பது டிகிரிக்கு எட்டு மடங்கு. எனக்கு வந்தது ஐந்து மடங்கு. ஒன்றரை மீட்டர் தட்டில் தீ முழு வேகம் எடுக்க இடம் இல்லை என்று நினைக்கிறேன். 2018 மார்ச்சில் குரங்கணி மலைச் சரிவில் தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இறந்தது நினைவுக்கு வந்தது. மேட்டைப் பார்த்து ஓடுகிறவரைத் துரத்துவது இந்தப் படுத்த தீதான்.

அடுத்து மேல் முனையில் பற்ற வைத்து, தீயை மேலிருந்து கீழே 20 டிகிரியில் இறங்க விட்டேன். ஐந்து நிமிடம் 20 வினாடி. சமதரையைவிடக் கொஞ்சம் மெதுவு. ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தம்பி இருந்த மலையில் எரியும் பைன் காய்கள் சரிவில் உருண்டு, கீழே புதிதாகத் தீயைத் தொடங்கிவிடுமாம். இறங்கும் தீ மெதுவு என்ற நம்பிக்கையில் அதன் அடியில் நிற்கக் கூடாது.

இடைவெளி

கடைசி 30 செ.மீ.யில் மணலை வெறுமையாக விட்டு, சின்னத் தீக்கோடு. சமதரையில் ஐந்து செ.மீ. இடைவெளியைத் தீ கடந்தது. பார்த்தால் ஒரே ஓர் ஊசி பாலம் மாதிரி குறுக்கே கிடந்திருக்கிறது. 25 செ.மீ. ஊசிக்கு ஐந்து செ.மீ. ஒரு தடையா? சுத்தமாகப் பொறுக்கிவிட்டு வைத்தால் பத்து செ.மீ. போதும், நின்றுவிட்டது. 30 டிகிரியில் பத்தையும் தாண்டியது, இருபதையும் தாண்டியது. மேல் முனையில் தனித் தட்டு ஒன்று இணைத்து 40 செ.மீ. விட்டேன். மூன்றில் இரண்டு தடவை நின்றது, ஒரு தடவை தாண்டியது. அப்போது தீநாக்கின் நீளம் முக்கால் மீட்டர் இருக்கும். சமதரையில் அது 40 செ.மீ.தான்.

ஆகக் கோட்டின் அகலத்தை அடிக்கணக்கில் மட்டும் பேசுவதில் அர்த்தமில்லை. தீநாக்கு எவ்வளவு நீளம், அது கோட்டின் மேல் படுக்கிறதா, பின்னால் சாய்கிறதா என்பதைக் கேட்க வேண்டும். தீயணைப்பில் கடைப்பிடிக்கிற ஓர் அளவும் இங்கே உபயோகப்படும்: தீநாக்கு 1.2 மீட்டர், அதாவது நாலடியைத் தாண்டிவிட்டால் கைக்கருவியோடு அதன் முகத்துக்கு நேரே போகக் கூடாது.

என் சருகு

சவுக்கில் நாம் ஊசி என்று நினைப்பது உண்மையில் இலை இல்லை. கணுக்கணுவாக உள்ள சின்னக் கிளை. இலை அந்தக் கணுவில் செதிளாக ஒட்டியிருக்கும். உதிர்ந்து மிதிபட்டதும் கணுவில் ஒடிந்து துண்டாகிவிடும். துண்டானால் நெருங்கிப் படியும். தோப்பில் அரை மீட்டர் சதுரம் வெட்டி எடுத்து நிறுத்தேன்: 220 கிராம், உயரம் மூன்று செ.மீ. பைன் பாத்தியைப் போல மூன்று மடங்கு அடர்த்தி.

அதே 400 கிராமைத் தட்டில் போட்டால் ஒன்றரை செ.மீ.க்கு மேல் எழும்பவில்லை. தீ ஒரு மீட்டர் நகர 11 நிமிடம் எடுத்தது. ஒரு சாண் உயரத்துக்குக்கூடத் தீநாக்கு இல்லை. 30 டிகிரியில் மூன்றரை நிமிடம். உள்ளே காற்று போக வழி இல்லாததால் தீநாக்கு இல்லாமல் கனன்றுகொண்டே இருந்தது. அணைந்தது என்று விட்டுவிட்டு, நாற்பது நிமிடம் கழித்துச் சாம்பலைக் கிளறினால் உள்ளே சிவப்பு.

அப்புறம் அதே சருகைப் பல்லுவாரியால் வாரி, உதறி, நாலு செ.மீ. உயரத்துக்குப் பொங்கவிட்டுக் கொளுத்தினேன். ஆறு நிமிடம். எடை ஒன்றே, ஈரம் ஒன்றே. கூடியது காற்று மட்டும். சென்ற ஆண்டு தீ வருவதற்கு ஒரு வாரம் முன்னால்தான், அடுப்புக்கு அள்ளலாம் என்று ஓடைப் பக்கத்து வரிசைகளில் சருகை வாரி நீளநீளமாக விட்டு வைத்திருந்தோம். அள்ளவில்லை.

ஓடைப் பக்கம் என்றதும் பெரியவர் ஒருவர் கேட்டது ஞாபகம் வந்தது. ஜவ்வாது மலைக்காரர், கோடையில் தீக்காவல் வேலைக்குப் போகிறவர். தோப்பு எரிந்த மறுநாள் வந்து நின்று, "கோடு எந்தப் பக்கம் போட்டே தம்பி?" என்று கேட்டார்.

"மலைப் பக்கம்தாங்க ஐயா, நாலடி."

"ஓடைப் பக்கம்?"

"நடைபாதை இருக்குங்களே, ரெண்டடி."

அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு தோப்புக்குப் போய், கைபேசி ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன். ஓடைக் கரையிலிருந்து தோப்புக்குள் ஏறும் சரிவு 18 டிகிரி. மலைப் பக்கத்திலிருந்து வந்தது இறங்குகிற தீ, மெதுவான தீ. அதற்கு என் நாலடிக் கோடு தேவைக்கு மேலேயே இருந்தது. கரிந்த தடத்தைப் பார்த்தால் அந்தக் கோட்டில் அது நின்றிருக்கிறது. பக்கவாட்டில் நகர்ந்து காய்ந்த ஓடைக்குள் இறங்கி, அங்கே ஆளுயரம் காய்ந்து நின்ற புல்லைப் பிடித்து, அங்கிருந்து ஏறியிருக்கிறது. ரெண்டடிப் பாதை, 18 டிகிரி ஏற்றம், கோட்டைத் தாண்டியதும் பொங்கவிட்ட சருகு. பிற்பகல் இரண்டரை மணி.

இந்த ஆண்டு ஓடைப் பக்கக் கோட்டை 15 அடியாக்கியிருக்கிறேன். கரையில் உள்ள புல்லைத் தை மாதமே அறுத்து மாட்டுக்குப் போட்டாயிற்று. மலைப் பக்கம் அதே நாலடி. தைப் பொங்கலுக்குக் கூட்டிவிட்டுப் பங்குனி வரை திரும்பிப் பார்க்காமல் இருந்த வழக்கத்தையும் விட்டேன். சவுக்கு தினமும் உதிர்கிறது; தட்டில் பார்த்தபோது ஆறு சதவீத ஈரத்தில், மணல் தெரிகிற அளவு மெல்லிசாகத் தூவிய சருகுகூடத் தீயை மறுகரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதனால் அமாவாசைக்கு ஒரு தடவை, பௌர்ணமிக்கு ஒரு தடவை கூட்டல். வாரிய சருகை அன்றே அள்ளிவிடுகிறோம். தோப்பை ஒட்டி மேலே இருப்பது காப்புக்காடு. அங்கே எதிர்த்தீ அது இது என்று நாமாக நெருப்பு வைப்பது சட்டப்படிக் குற்றம். அந்தப் பக்கம் புகை தெரிந்தால் வனத்துறைக்கும் 101க்கும் சொல்வதோடு சரி.

பெரியவரைக் கூட்டி வந்து ஒரு நாள் முப்பது டிகிரித் தீயைக் காட்டினேன். உட்கார்ந்து முழுதும் பார்த்தார். காற்று வைத்து ஒரு தடவை விட்டுப் பார்க்கச் சொன்னார். பிருலில் இன்னும் 1,400 கிராம் மிச்சம் இருக்கிறது, மூன்று தடவைக்கு வரும். பட்டறையில் பழைய பெடஸ்டல் ஃபேன் ஒன்றுக்குக் காயில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.